கோப்பி மெஷின் சாமான்

எனக்குக் கோப்பி ஒத்துவராது. குடித்தால் நெஞ்செரிவு வந்துவிடும். கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் இருக்கிற எஸ்பிரஸ்ஸோ மெஷின்களில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. ஆனாலும் அவற்றில் ஒரு கோப்பையை இறக்கி நான் முழுதாகக் குடித்தது கிடையாது. மெஷினைத் திருத்தி முடித்ததும் மனேஜர்மார் ஒரு சின்னக் கோப்பையை நீட்டுவார்கள். நான் உதட்டை நனைத்து, கண்ணை மூடி, மெதுவாகத் தலையை ஆட்டுவேன். அதன் பிறகு அவர்களுக்கும் அது நல்ல கோப்பியாகத்தான் தெரியும். நீங்களும் பால் விடாத பிளேன் ரீயே குடியுங்கள், பிள்ளை. கோடு கோடாக நீதிமன்றப் படி ஏறி இறங்குகிற ஒரு லோயருக்கு அதுதான் சுகம்.

நீங்கள் திரும்ப வந்த காரியம் எனக்குத் தெரியும். சண்முகலிங்கத்தின் வழக்கு. அவனுடைய பிஸ்கற் ரின்னில் ஆமிக்காரர் எடுத்த சாமான்கள் கோப்பி மெஷினுக்கும் கோப்பி அரைக்கும் கிரைண்டருக்கும் உரியவைதான் என்று, விஷயம் தெரிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கொழும்பில் அப்படி விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர் உள்ளே இருக்கிறார். ஆகவே நீங்கள் இந்த வெள்ளவத்தை லேனைத் தேடி வந்ததில் ஆச்சரியம் இல்லை.

நீங்கள் ரைப் அடித்துக்கொண்டு வந்த கடதாசியை வாசித்தேன். நன்றாக இருக்கிறது. 'கதிர்காமநாதன் ஆகிய நான்' என்று தொடங்கியதும் என் மீது எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. ஒரேயொரு சொல் மட்டும் பிழை. அதைத் திருத்தினால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சண்முகலிங்கத்தைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் அந்தச் சொல் ஏன் பிழை என்று உங்களுக்கு விளங்காது.

அவன் இருந்தது கொட்டாஞ்சேனையில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சத்தமாகக் கதைக்கிற ஆள், அதைவிடச் சத்தமாகச் சிரிக்கிற ஆள். தெமட்டகொடைப் பக்கம் பழைய இரும்புக்குப் போகிற மெஷின்களை வாங்கி, கழற்றி, அதில் தேறுகிறதை வேறொன்றில் போட்டு ஓட வைப்பான். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையத் திருநீற்றோடு என் கடைக்கு வருவான். வந்ததும் பகிடிதான்.

"அண்ணை, உங்கட கடை ஆஸ்பத்திரி. என்ர அறை பிரேத அறை. நீங்கள் கைவிட்டதுகளைத்தான் நான் எழுப்பிறன்" என்பான்.

நானும் சிரிப்பேன். லேனில் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். அவன் வந்தால் என் கடையில் இருந்து இரண்டு சிரிப்புச் சத்தம் கேட்கும்.

என் தொழில் முறை வேறு. இத்தாலியில் செய்த சாமான், சிங்கப்பூர் வழியாக, பிளாஸ்டிக் உறைக்குள், நம்பரோடு வரும். அதை உறை பிரித்துப் போடுகிறபோது ஒரு டொக்டர் கையுறை போடுகிற மாதிரி இருக்கும். சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு அதற்கும் கேடு வந்தது. ஊசி நடுங்குகிற மீற்றர், டிக் டிக் என்கிற டைமர், எதைக் கண்டாலும் துறைமுகத்தில் மறித்து வைத்தார்கள். கோப்பிக்கு என்று சொன்னால் சிரித்தார்கள். ஒரு கோப்பைக்கு இவ்வளவு சாமானா என்று அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அந்த நாட்களில்தான் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் மெஷின் நின்றது. பெயர் வேண்டாம். சமாதானம் பேச வந்த வெள்ளைக்காரர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். கோப்பி இல்லாமல் அவர்களால் சமாதானம் பேச முடியாதாம். நான் போய்த் திறந்து பார்த்தேன். கைப்பிடி பூட்டுகிற இடத்து றப்பர் வளையம் வெடித்து, கொதிநீர் பக்கமெல்லாம் சீறியது. புது வளையம் வர ஒரு மாதமாவது ஆகும் என்றேன். அதுவரை அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுங்கள் என்றும் சொன்னேன். மனேஜர் சிங்களவர், நல்ல மனிதர், எனக்குத் தலையை ஆட்டிவிட்டு ரெலிபோனை எடுத்தார். நான் சாமான்களை அடுக்கி வைத்து முடிவதற்குள் சண்முகலிங்கம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டான்.

காற்சட்டைப் பைக்குள் இருந்து அவன் எடுத்தது என்ன தெரியுமா, பிள்ளை? பிரஷர் குக்கர் மூடியில் இருக்கிற றப்பர். வீட்டில் பெண்சாதி பாலேஸ்வரி பருப்பு அவித்துக்கொண்டு இருந்தவளாம், இவன் அடுப்பை நிற்பாட்டிப் பிடுங்கி வந்திருக்கிறான். அதைப் பிளேடால் வெட்டி, சுருக்கி, ஒட்டி, உள்ளே வைத்து அமத்தினான். மெஷின் ஓடியது. ஒரு சொட்டுக் கசிவில்லை. மேல்மாடிக்குக் கோப்பி போனது.

அது பரவாயில்லை. தொழிலில் அப்படி நடக்கும். அதற்குப் பிறகு நடந்ததுதான். மனேஜர் அவன் தோளில் தட்டினார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் முகத்தில் எதைக் கண்டானோ, உடனே தன்னுடைய உடைந்த சிங்களத்தில், "இது அண்ணை காட்டித் தந்த வித்தை, சேர். அவரிட்டப் பழகினதைத்தான் செய்தனான்" என்று சொல்லிவிட்டான்.

பொய். நான் அவனுக்கு எதையும் பழக்கியதில்லை. மனேஜருக்கும் அது பொய் என்று தெரியும். அவர் என்னைப் பார்த்து, நோயாளியைப் பார்க்க வந்தவர் சிரிப்பதைப் போலச் சிரித்தார். பஸ் அன்றைக்குப் பார்த்து ஓடவில்லை. சண்முகலிங்கம் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தான். காலி வீதி முழுக்க அவனுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகக் கொட்டாஞ்சேனைக்குப் போயின. கிரைண்டரில் பல்லுத் தேய்ந்தால் அவன், பொயிலர் ஓட்டையானால் அவன். எனக்கு அதில் வருத்தமில்லை. எனக்குக் கவலை கோப்பியைப் பற்றித்தான். அவன் திருத்திய மெஷினில் கோப்பி றப்பர் மணக்கிறது என்று நான் மனேஜர்மாருக்குச் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

என்ன சிரிக்கிறீர்கள்? "அங்கிள், நீங்கதான் கோப்பி குடிக்க மாட்டீங்களே" என்கிறீர்கள். நல்ல கேள்வி. றஸ்மியா என்கிற உங்கள் பெயரைக் கோட்டில் பெரியவர்கள் சொல்லுகிற காலம் வரும், பாருங்கள்.

சரி, அந்தக் காலைக்கு வருவோம். எங்கள் லேனைச் சுற்றிவளைத்தார்கள். அப்போது அது புதினமில்லை. லொட்ஜில் இருந்தவர்கள், ரியூஷனுக்கு வந்தவர்கள், பாண் வாங்கப் போனவர்கள் எல்லாரும் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றார்கள். சண்முகலிங்கம் லேன் முகப்பில் அகப்பட்டான். கையில் பிஸ்கற் ரின். திறந்தால் உள்ளே பிரஷர் மீற்றர், கிரைண்டர் டைமர், தண்ணீர் சூடாக்குகிற கொயில், ஒரு சுற்று வயர். பார்க்கிற ஆமிக்காரனுடைய இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அவன் கோப்பியை நினைப்பானா?

சண்முகலிங்கம் பதறவில்லை. என் கடையைக் காட்டி, "அந்த அண்ணையைக் கேளுங்கோ, அவர் சொல்லுவார்" என்றிருக்கிறான். இளம் ஒஃபிசர் ஒருவர் அவனையும் ரின்னையும் என் வாசலுக்குக் கொண்டுவந்தார். மரியாதையான பிள்ளை. தொப்பியைக் கூடக் கொஞ்சம் உயர்த்தினார்.

"அங்கிள், மே கோபி மெஷின்வல படுத?" இதெல்லாம் கோப்பி மெஷின் சாமானா என்று கேட்டார்.

நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். மீற்றரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இத்தாலிச் சாமான், நல்ல நிலையில் இருந்தது. பெற்ற பிள்ளையைத் தெரிகிற மாதிரி எனக்கு அதைத் தெரியும். திரும்ப ரின்னுக்குள் வைத்தேன்.

"மம தன்னே நே, மாத்தயா" என்றேன். எனக்குத் தெரியாது, ஐயா.

சண்முகலிங்கம் சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். "அண்ணை, பகிடி விடாதேங்கோ. இவைக்கு எங்கட பகிடி விளங்காது" என்றான்.

ஒஃபிசர் இன்னொரு முறை கேட்டார். கோப்பி மெஷினில் இப்படி எதையும் நான் கண்டதில்லை என்று, இந்த முறை கொஞ்சம் விளக்கமாகவே சொன்னேன். என் சிங்களம் நல்ல சிங்களம். சண்முகலிங்கம் ட்ரக்கில் ஏறும்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான், நான் எப்போது சிரிப்பேன் என்று. அவன் முகத்தில் அரைச் சிரிப்பு அப்படியே நின்றது.

பாலேஸ்வரி அன்றைக்கே ஓடி வந்தாள். நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். பிறகு தடுப்பு முகாமுக்கு, பிறகு செஞ்சிலுவைக்காரரிடம், பிறகு ஒரு எம்.பி. வீட்டுக்கு. அவளுடைய பையை நான் தூக்கினேன். சோற்றுப் பார்சல் வாங்கிக் கொடுத்தேன். சிங்களத்தில் கேட்க வேண்டியதெல்லாம் நான்தான் கேட்டேன். அண்ணை இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன் என்று அவள் கோயிலில் வைத்து எல்லாருக்கும் முன்னால் அழுதாள். கொஞ்ச நாளில், பட்டறையில் கிடக்கிற சாமான்கள் துருப்பிடிக்குது, நீங்களாவது பாவியுங்கோ என்று எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றி அனுப்பினாள். பாவிக்கிறேன். ஹோட்டல்களும் திரும்பி வந்துவிட்டன. இத்தாலிச் சாமான் இப்போதும் வருவதில்லை. பிரஷர் குக்கர் றப்பரைத்தான் வெட்டிப் போடுகிறேன். நன்றாகவே உழைக்கிறது. மணம் ஒன்றும் இல்லை.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். உங்கள் கடதாசியில், 'அப்போது இருந்த பயத்தினால் தெரியாது என்று கூறினேன்' என்று இருக்கிறது. போன முறை வந்தபோதும் சொன்னீர்கள். "அங்கிள், நீங்க பயந்திருப்பீங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. அது குத்தமில்ல." மிகவும் அன்பாகச் சொன்னீர்கள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த ஹோட்டல் மனேஜரின் சிரிப்புத்தான் உங்கள் முகத்திலும் இருந்தது.

நான் பயப்படவில்லை, பிள்ளை. பயந்தாங்கொள்ளி என்று என்னைக் கோட்டில் வாசிக்க விடமாட்டேன்.

எங்கள் பகுதிப் பொலிஸ் சார்ஜன் ஒருவர் பின்னேரங்களில் கடைக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார். அந்தச் சுற்றிவளைப்புக்கு முதல் நாளும் வந்தார். நாளைக்குக் காலை லேனில் செக்கிங், அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள் என்று ஒரு நன்மைக்காகச் சொன்னார். அவர் போன பிறகு கோப்பையைக் கழுவி வைத்தேன். கொட்டாஞ்சேனைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"தம்பி, ஒரு உதவி. மீற்றர், டைமர், கொயில், கொஞ்சம் வயர். காலமை வெள்ளன எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுக் கொண்டு வாறியே?"

அவனுக்குச் சந்தோஷம். "கடைசியா உங்களுக்கும் என்ர பிரேத அறைச் சாமான் தேவைப்பட்டிட்டுது" என்று சிரித்தான். அவன் எப்போதும் ஒவ்வொரு சாமானாகத்தான் கொண்டு திரிவான், மறித்தால் காட்ட ஹோட்டல் கடிதம் ஒன்றையும் கூட வைத்திருப்பான். "கடிதம் எடுக்கட்டோ, அண்ணை?" என்று கேட்டான்.

"அது எதுக்கு? வெள்ளவத்தையில ஆர் மறிச்சாலும் என்னைக் காட்டு. நான் சொல்லுவன்தானே."

அவ்வளவுதான். மீற்றரோ டைமரோ எனக்குத் தேவைப்படவில்லை. அந்த நேரத்தில் என் கடையில் திருத்த ஒரு மெஷின்கூட இருக்கவில்லை.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? எழுதுங்கள். இது அவனுக்கு நல்லது. சாமான் கோப்பி மெஷினுக்குரியது என்பதோடு, அதை அவன் ஏன் கொண்டுவந்தான் என்பதும் இதில் வந்துவிடும். நீதவான் விட்டுவிடுவார். என்னைப் பிடிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள், பிடிக்கட்டும். பாலேஸ்வரிக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அவள் நாளைக்கு எனக்குத் தோசை கொண்டு வருவாள், அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். அன்றைக்கு அந்த ஹோட்டலில், இதை நானே கண்டுபிடித்தேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். கண்டுபிடித்தவன் அவன்தானே. நான் தோற்றவனாக வீட்டுக்கு வந்து, ஒரு பிளேன் ரீ குடித்துவிட்டுப் படுத்திருப்பேன். என் மேல் இரங்குவதற்கு அவன் யார்? அதை மட்டும் அவன் செய்திருக்கக் கூடாது.

பேனாவைத் தாருங்கள். 'பயத்தினால்' என்பதை வெட்டி, பக்கத்தில் நானே சின்னக் கையெழுத்தும் வைக்கிறேன். அவனை விட்டதும் நேரே என்னிடம் வரச் சொல்லுங்கள். நான் எங்கே இருந்தாலும் அங்கே வரட்டும். வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்கு அவன்மேல் இப்போது ஒரு கோபமும் இல்லை.