பதினொரு குஞ்சு

பெரியவள்: தள்ளு. நானும் எண்ணிப் பாக்கறேன்.

சின்னவள்: பதினொண்ணு இருக்குக்கா. காலையிலேயே அத்தை எண்ணிட்டாங்க.

பெரியவள்: எண்ணிட்டு, கொட்டடிச் சாவிய உன் கையில குடுத்தாங்களாமே.

சின்னவள்: அவங்கதானே சொன்னாங்க... ரெண்டு மருமகளும் ஆளுக்கொரு கோழி அடை வைங்க, யாருக்குக் கைராசியோ அவளுக்குத்தான் கோழிக் கொட்டடின்னு.

பெரியவள்: ஒன்பது வருஷம் அந்தச் சாவி என் இடுப்புல கெடந்துச்சு. நீ வந்து ஒரு வருஷம் ஆகல.

சின்னவள்: வயித்தெரிச்சலாக்கா?

பெரியவள்: ஆமா, எரியுது. எரியாம குளிருமா? குஞ்சுங்களாவது லட்சணமா இருக்கா... கழுத்துல முடியே காணோம். ஏதோ சீக்கு.

சின்னவள்: உங்க கோழிக்கும் கழுத்துல முடி கெடையாதே.

பெரியவள்: அது மொட்டைக்கழுத்து ஜாதி. இந்தக் கொட்டடியில என் கோழி மட்டுந்தான் அந்த...

சின்னவள்: சொல்லுங்க.

பெரியவள்: ...ஒண்ணுமில்ல.

சின்னவள்: உங்க அடை என்னாச்சு? ஒண்ணுகூடவா பொரிக்கல?

பெரியவள்: பன்னெண்டும் கூமுட்டை.

சின்னவள்: ஒடச்சுப் பாத்தீங்களா?

பெரியவள்: ...ஒண்ண ஒடச்சேன்.

சின்னவள்: கூமுட்டைன்னா தண்ணியா ஒழுகியிருக்குமே.

பெரியவள்: ஒழுகல. உள்ள... கெட்டியா இருந்துச்சு.

சின்னவள்: அவிச்ச மாதிரியா?

பெரியவள்: அவிச்ச முட்டைய யாராவது அடை வைப்பாங்களா? பேசறா பாரு.

சின்னவள்: அதானே. அத்தைகிட்ட காட்டுனீங்களா?

பெரியவள்: அவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? நீயும் வாயத் தொறக்காத. ஆமா... அடை வெச்ச அன்னிக்கு என் கூடையத் தொட்டியா நீ?

சின்னவள்: எதுக்குக் கேக்கறீங்க?

பெரியவள்: சும்மாதான்.

சின்னவள்: அன்னிக்கு, "குடுடி, உன் முட்டைய நான் தொடச்சுத் தர்றேன்"னு அடுப்படிக்கு எடுத்துட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா?

பெரியவள்: அது... ஒத்தாசைக்கு...

சின்னவள்: திரும்ப வாங்கறப்ப கை சுட்டுச்சுக்கா. அதான், நீங்க கோழிக்குத் தண்ணி எடுக்கப் போன நேரத்துல ரெண்டு கூடை முட்டையையும் மாத்தி வெச்சுட்டேன். இதுங்க பதினொண்ணும் உங்க முட்டைதான், தாராளமா எடுத்துட்டுப் போங்க. சாவி மட்டும் என் இடுப்புலயே இருக்கட்டும்.