கழட்டுன பிரேக்கு

இல்லீங்க சார், குடியெல்லாம் இல்லீங்க. வேணும்னா வாய மோந்து பாருங்க. கிட்டுசாமிய நாந்தானுங்க அடிச்சேன். வீல் ஸ்பேனர்ல. எத்தன அடின்னு தெரியலீங்க. பல்லு வந்து எங்காலு மேல வுழுந்துச்சு, அப்பத்தான் நிறுத்துனேன்.

ஆமாங்க, லாரி மெக்கானிக்குங்க. நல்லூர்ல பட்டறை. கிட்டுசாமி லாரி மொதலாளிங்க, அவரு நாலு லாரியும் எங்கிட்டத்தான் வரும்.

செவ்வாக்கெழம ரயில்வே கேட்டுல அடிபட்டது அவரு லாரிதானுங்க. ஓட்டுனது சண்முகவேலு. சாயப்பட்டறையில துணி ஏத்திட்டு ஊத்துக்குளிப் பக்கம் போயிருக்கான். எறக்கம். கேட்டு சாத்தியிருக்குது. மிதிமிதின்னு மிதிச்சும் நிக்கலீங்க. கேட்ட ஒடச்சுட்டுப் போயித் தண்டவாளத்து மேல மாட்டிக்கிச்சு. ரயிலு அடிச்ச அடியில கேபினு தனி, பாடி தனி. துணியெல்லாம் அவுந்து ரத்தத்துல ஊறிக் கெடந்துச்சுங்க. அந்தத் துணியிலயே அவனப் பொறுக்கிக் கட்டிக் குடுத்தாங்க.

எப்சி இருந்துச்சுங்களே, வண்டி ரோட்டுல ஓடலாம்னு குடுக்குற சர்ட்டிபிகேட்டு! போன மாசந்தான் பாசாச்சு. எப்பிடீங்கறீங்க? எப்சிக்குப் போற அன்னைக்குப் புதுசா லைனிங் அடிச்ச பிரேக் ஷூ மாட்டுவாங்க. பிரேக் இன்ஸ்பெக்டரு கையெழுத்துப் போட்டதும் அதக் கழட்டி அடுத்த லாரிக்கு வெச்சுக்குவாங்க. தேஞ்சுபோன பழசு மறுக்கா உள்ள போயிரும். நாலு லாரிக்கும் ஒரே செட்டுங்க.

இன்னைக்குக் காலைல சண்முகவேலு சம்சாரம் மதுமதி பட்டறைக்கு வந்துச்சு. கிட்டுசாமி அங்கதான் நின்னுட்டிருந்தாரு. எம்பட ஊட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னு எதுக்குங்க சொன்னீங்க, லாரில பிரேக்கு இருந்துச்சுங்களான்னு கேட்டுச்சு. அழுவலீங்க. சத்தம் போடலீங்க. கேட்டுட்டு நின்னுச்சு, அவ்வளவுதான். அவரு மொதல்ல அதட்டுனாரு. அது நகரல. அப்பறம், பிரேக்கக் கழட்டுனது ஆருன்னு தெரியுமா புள்ளன்னு சொல்லிக்கிட்டே எம்பக்கம் திரும்புனாரு.

மேல பேச உடலீங்க. வாயிலயே போட்டேன். கீழ வுழுந்ததுக்கப்பறமும் வாயிலயேதான் போட்டேன்.

சண்முகவேலு சொந்தமெல்லாம் இல்லீங்க சார். வேற சாதி சனம்.

கழட்டுனது நாந்தானுங்க. சண்முகவேலு பக்கத்துல நின்னு பாத்துட்டு, இது தாங்குமுங்களாண்ணான்னு கேட்டான். தாங்கும் போடான்னேன்.

மதுமதி வெளிய ஒக்காந்திருக்குதுங்க. புருசனுக்காக அடிச்சேன்னு நெனச்சுட்டு எனக்குச் சோறு கொண்டாந்திருக்குது. அந்தப் புள்ளய ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு எழுதிக்குங்க சார்.