கரண்டிமூக்கு உள்ளானும் கேட்காமல் எடுத்த படகும்

லேத்துக்காரர் என்றால்தான் என்னைத் தெருவில் தெரியும். வயது எழுபத்தொன்று. பேருந்து பணிமனைக்குப் பின்னால் மாடி வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். பட்டறையில் நாற்பது வருடம் லேத்தில் இரும்பு கடைந்து ஓய்வு பெற்றேன். பறவைகளைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, புத்தகம் வாங்கி நானே படித்துக்கொண்டேன். இன்று காலை சதுப்பு ஏரியில் படகுக்காரரின் படகை அவரைக் கேட்காமல் எடுத்தது குறித்து விசாரித்ததில் நான் சொல்வதாவது.

ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் அந்த ஏரிக்குப் போவோம். அவள் படம் எடுப்பாள், நான் நோட்டில் எழுதுவேன். மூன்று வருடத்துக்கு முன் அங்கே அவள் கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்தாள். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், மூக்கு நுனி மட்டும் கரண்டி போல் விரிந்திருக்கும். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்று புத்தகத்தில் இருக்கிறது. படம் மங்கலாக விழுந்தது. பறவைச் சங்கத்துக்கு எழுதினோம். அதற்குச் செயலாளர், "அது சாதாரண கொசு உள்ளான், மூக்கில் சேறு ஒட்டியிருக்கும், அம்மாவின் கண்ணைப் பரிசோதிக்கவும்" என்று பதில் எழுதினார். என் மனைவி தையல்காரி, அறுபத்தாறு வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பவள். அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பதிலுக்கு இதுவரை பதினாறு கடிதம் எழுதியிருக்கிறேன்.

இன்று காலை ஆறு பத்துக்குக் கரையில் நின்றபோது அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்துவிட்டது. "ஏங்க, அந்த மண்திட்டு! வலது ஓரம்! அதேதாங்க, அதேதான்!" என்றாள். கரையிலிருந்து சரியாகத் தெரியவில்லை. படகு கட்டியிருந்தது, படகுக்காரர் இல்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். அதன் பிறகு நானே கயிற்றை அவிழ்த்து, அவளை ஏற்றி, கழியால் தள்ளிக்கொண்டு திட்டுக்குப் பத்தடி தூரத்தில் நிறுத்தினேன். அவள் கேமராவைத் திறந்தால் உள்ளே கார்டு இல்லை. பதினேழாவது கடிதத்தோடு பழைய படத்தை அனுப்ப நேற்று மாலை நான்தான் அதைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகினேன், திரும்பப் போடவில்லை. இந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அவள் திட்டவில்லை. "விடுங்க, கண்ணு இருக்குல்ல, நல்லா பாருங்க" என்றாள்.

அதன் பிறகு இருபது நிமிடம் பார்த்தோம். அது தலையை இடமும் வலமும் ஆட்டிச் சேற்றைத் துழாவித் தின்றது. அதன் பிறகு தெளிந்த தண்ணீரில் இறங்கி மூக்கை மூன்று தடவை அலசியது. சேறாக இருந்தால் போயிருக்கும். கரண்டி போகவில்லை. நுனி அகலம் ஒரு சென்டிமீட்டர், நாற்பது வருடம் அளவு பார்த்தவன் சொல்கிறேன். சத்தம் போட முடியாததால் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், படகு ஆடியது. ஆறு ஐம்பதுக்கு அது பறந்துபோனது.

அதன் பிறகு கரைக்கு வந்ததும் படகுக்காரரும் அவர் கூட்டி வந்திருந்த காவலரும் எங்களை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். விவரம் கேட்ட படகுக்காரர், "போங்க பெரியவரே, புகாரெல்லாம் வேணாம். குருவி பாக்கவா படகத் திருடுனீங்க?" என்று சிரித்தார். எஸ்.ஐ.யும், "அவரே விட்டுட்டாரு, வீட்டுக்குப் போங்க" என்றார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. படகை எடுத்தது உண்மை, அதனால் எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். "ஏன் பெரியவரே, நீங்களா வந்து மாட்டிக்கிறீங்க?" என்று எஸ்.ஐ. கேட்டார். "படம் இல்லைங்க. இந்தக் காகிதம்தான் இருக்கு" என்றேன்.

என் மனைவியை வேறு அறையில் தனியாக விசாரித்தார்கள். அங்கிருந்து வந்த காவலர், "அந்தம்மாவும் மூக்கை மூணு தடவை அலசுச்சுன்னுதான் சார் சொல்றாங்க" என்றார். அதையும் எழுதச் சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். 'ஒரு பறவை' என்று இருந்த இடங்களை அடித்து, 'கரண்டிமூக்கு உள்ளான்' என்று திருத்த வைத்தேன். படகை எடுத்தவன் நான். பறவையை இரண்டு முறையும் முதலில் பார்த்தவள் என் மனைவி. இதில் உள்ள அத்தனையும் கண்ணால் கண்டது என்று உறுதி சொல்லிக் கையெழுத்திடுகிறேன். நகல் ஒன்று தர வேண்டும், பதினேழாவது கடிதத்தோடு இணைக்க.

(ஒப்பம்)
லேத்துக்காரர்