அந்த ஒன்பது நொடிக்காக விடைபெறும் எங்கள் அக்காவுக்கு

வெட்டி ஒட்டும் வித்தையில் வேகத்துக்கு வேலி போட்டவரே, காரும் குண்டும் கண்ணாடிச் சிதறலும் கலந்து கொட்டிய காட்சிகளுக்குள்ளிருந்து மனிதரைத் தேடி எடுத்துத் தந்தவரே, எங்கள் படத்தொகுப்புக் கூடத்தின் மூத்தவரே, அக்கா, வணக்கம்.

வாழ்த்தி வழியனுப்பும் மடல் என்றுதான் மேலாளர் எழுதச் சொன்னார். வாழ்த்த வாயெடுத்தால் வருத்தம்தான் முந்துகிறது. ஆயினும் மரபு மீறாமல் உங்கள் மாண்புகளை முதலில் சொல்லிவிடுகிறோம்.

முப்பதாண்டுக்கு மேல் சண்டைப் படங்களையே தொகுத்தீர்கள். வீட்டில் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டீர்கள் என்று உங்கள் கணவர் சொல்லிச் சிரிப்பார். துரத்தல் காட்சி ஒன்றைத் துண்டு துண்டாக நறுக்கி, தூள் கிளப்பிவிட்டோம் என்று நாங்கள் துள்ளிக்கொண்டு வந்தால், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஏம்ப்பா, யாரு யாரை அடிக்கிறான்னே தெரியலையே. அப்புறம் நான் யாருக்காகப் பயப்படுறது?" என்பீர்கள். எங்களுக்கு முகம் தொங்கிப்போகும். பிறகு நீங்களே பக்கத்தில் அமர்ந்து, ஓடுகிறவன் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்ப்பதை மட்டும் சேர்ப்பீர்கள். அதே ஓட்டம், அதே தெரு, எங்களுக்கே நெஞ்சு படபடக்கும். ஓயாமல் அடி வாங்கிய உடம்பு மரத்துப்போவது போல, ஓயாமல் ஓடும் படத்தில் பார்ப்பவர் மனமும் மரத்துப்போகும் என்பதை உங்களிடம்தான் கண்டோம்.

உங்கள் கடைசிப் படத்துக்கு வருவோம். நகரமெல்லாம் துரத்தி வந்த நாயகன் ஒரு கிடங்கின் இரும்புக் கதவருகே நிற்கிறான். உள்ளே இருப்பவன் கூடப்பிறந்த தம்பி. கதவைத் தூக்கினால் இருவரில் ஒருவர்தான் உயிரோடு திரும்புவார். ஒன்பது நொடி அவன் தூக்கவில்லை. இசையில்லை, வெட்டில்லை, அவன் மூச்சு மட்டும் கேட்கிறது. முதன்முறை பார்த்தபோது ஒலிக்கலவைக்காரர் தேநீர்க் குவளையை வாயருகே வைத்தபடி குடிக்க மறந்துபோனார்.

தயாரிப்பாளருக்கோ அது கொட்டாவி வரவழைத்தது. "ஒண்ணு அது போகணும், இல்ல நீங்க போகணும்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "அப்ப நான் போறேன், அது இருக்கட்டும்" என்று பையை எடுத்தீர்கள். அவரும் சரியென்று தலையாட்டினார். வயது வருமுன்னே எங்கள் அக்காவுக்கு ஓய்வு வந்த கதை இதுதான், சபையோரே.

அக்கா, நீங்கள் நெடுங்காலம் நோயின்றி வாழ வேண்டும். நிம்மதியாக உறங்க வேண்டும். கொஞ்ச நாளைக்கு எந்தத் திரையரங்கின் பக்கமும் போகாமலிருக்க வேண்டும். ஏன் என்பதை மேடையில் மறைத்தால் எங்களுக்குச் சோறு இறங்காது. இந்த மடல் வாசிக்கப்படும் இதே வேளையில், மாடியறையில், உங்களுக்கு அடுத்த மேசை நண்பர் மேலிடத்து உத்தரவின்படி அந்த ஒன்பது நொடியை வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் மறுத்தோம், மறுக்க முடியாத வீட்டுநிலை அவருக்கு. அவர்மேல் கோபம் வேண்டாம். "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு எங்கள் முகம் பாராமல் படியேறிப் போனார்.

இவண்,
மாடிக்குப் போனவருக்கான இடத்தைக் காலியாக விட்டுக் கையொப்பமிடும்
படத்தொகுப்புக் கூடத்தார்