அவர் கொடுக்காத பை

ஜலகண்டாபுரத்திலிருந்து சேலம் போகும் ஆறே முக்கால் பஸ்ஸில், உட்கார்ந்திருந்த பெரியவர் பக்கத்தில் நின்றவரின் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

“குடுங்க சாமி, முழுங்கிப்போட மாட்டேன்.”

“முழுங்கற சாமான் இல்லீங்க. என்ர சம்சாரத்தோட மூத்திரமுங்க, பெரியாஸ்பத்திரிக்கு.”

“ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு என்ன?”

“போன வருசம் கொழந்தை உருவாகாம, நஞ்சுக்கொடி மட்டும் திராட்சைக் கொத்தாட்டம் வளந்துருச்சுங்க. எடுத்துட்டாங்க. நஞ்சு ஒரு புரதம் சொரக்குமாமுங்க. கர்ப்பத்தை நிக்க வெக்கறதே அதுதானாமா. துளி நஞ்சு மிச்சமிருந்தாலும் மூத்திரத்துல காட்டிக் குடுத்துருமாமுங்க.”

“அடேங்கப்பா! கண்ணுக்குத் தெரியாதது இத்தனை வேலை செய்யுதா!”

“ஒரு வருசமா மாசாமாசம் கொண்டு போறேனுங்க. இன்னைக்கும் அந்தப் புரதம் இல்லீன்னா, அடுத்த கொழந்தைக்கு டாக்டரம்மா சரின்னுருவாங்க.”

பெரியவர் எழுந்தார். “நீங்க உக்காருங்க. அந்தப் பை ஆடாமப் போகட்டும்.”