கல்லில் ஏறாத முப்பத்தெட்டு வரிகள்

மேடையை நிறைத்திருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நன்கொடையாளர்களுக்கு இடம் விட்டு மூன்றாம் வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருக்கும் கவிஞரின் மனைவி, நம் அண்ணி அவர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளே, வணக்கம்.

கூட்டம் கலையாமல் இருக்க என்னைக் கடைசியில் பேசவிடுவது வழக்கம். சிரிக்கவைப்பேன் என்ற நம்பிக்கை. இன்று அதற்கு வழியில்லை. எனக்குக் கோபம். அதில் பாதி என்மேலேயே.

முப்பத்தொரு ஆண்டுகள் இதே அரங்கில் திரைக் கயிறு இழுத்தவர், மறைந்த நம் கயிற்றுக் கவிஞர். உள்ளங்கை காய்த்துப்போய்ப் பேனா வழுக்கும் என்பதால் பென்சிலில்தான் எழுதுவார். அந்தப் பென்சிலால் நாற்பது வரியில் ஒரு கவிதை எழுதினார்.

'வாழ்க்கை ஒரு நாடகம்,
வந்தவர் எல்லாம் நடிகர்கள்'

இவை முதல் இரண்டு வரிகள். இதில் என்ன புதுமை? முடிதிருத்தும் கடையில்கூடச் சொல்வார்களே. ஆனால் மூன்றாவது வரி என்ன?

'என்று சொல்கிறார், முன்வரிசையில் சாய்ந்திருப்பவர்.'

அங்கேதான் கவிதை தொடங்குகிறது. உருவகத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. இவர் அதற்குள் குடித்தனமே நடத்தினார். வாழ்க்கை நாடகம் என்றால், மேடையைப் பெருக்குகிறவள் யார்? வசனம் மறந்தவனுக்குத் திரைமறைவிலிருந்து எடுத்துக்கொடுக்கிறவர் யார்? ராஜாவின் கிழிந்த அங்கியைத் தைக்கிறவர் யார்? ஒவ்வொருவராக உள்ளே அழைத்து வந்து, கடைசியில் தன்னையே நிறுத்தினார்: 'கைதட்டல் கேட்கிறது; என் இரு கைகளும் கயிற்றில்.'

இதை வெட்டியவர் யார்? அடியேன்தான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் மன்ற இதழுக்கு நான் ஆசிரியர். முதல் இரண்டு வரியை மட்டும் கட்டம் கட்டிப் போட்டேன். மறுநாள் காலை இதழோடு வந்து நின்றார்.

"ஏம்பா, மீன் வாங்கினாக்கூட எவனும் தலைய மட்டும் வாங்கிட்டுப் போகமாட்டானே?"

"இடம் பத்தலண்ணே."

"பக்கத்துல உன் நகைச்சுவைக் கட்டுரைக்கு முழுப்பக்கம் இருக்கே."

"வாசகர்கள் சிரிக்கணும்லண்ணே."

"நானும் முழுசாப் படிச்சேன்பா. சிரிப்பு அடுத்த இதழ்லயா?"

மழுப்பி அனுப்பினேன். அடுத்த இதழிலும் போடவில்லை. அதற்குள் அந்த இரண்டு வரிகள் நாட்காட்டியில் ஏறின, வாழ்த்து அட்டையில் ஏறின, செயலாளரின் அத்தனை சொற்பொழிவிலும் ஏறின. எந்தப் பேச்சை மறுத்து எழுதினாரோ, அந்தப் பேச்சுக்கே அவரைச் சொந்தக்காரராக்கினோம். ஒரு கவிஞனுக்கு இதைவிடவா அவமானம் வேண்டும்?

இப்போது அவருடைய நினைவுக் கல்லிலும் வெட்டியாயிற்று. அதோ, வாசலருகே துணி போர்த்தி நிற்கிறது. நேற்று அண்ணி செயலாளரைத் தேடிப்போய்ச் சொன்னார்: "ஐயா, அது அவர் சொன்னது இல்ல. அவர் யாரைத் திட்டினாரோ அவங்க சொன்னது. அவர் பேருக்கு மேல அத வெக்காதீங்க."

பதில் என்ன தெரியுமா? "ரெண்டு வரின்னாதாம்மா ஜனங்க நின்னு படிப்பாங்க."

செயலாளர் அவர்களே, உங்கள் வரவேற்புரை இன்று நாற்பது நிமிடம். நாங்கள் உட்கார்ந்து கேட்கவில்லையா? தலைவர் அவர்களே, நன்கொடையாளர் பெயர்ப்பலகையில் அறுபது பெயர்கள். அங்கே மட்டும் இடம் எப்படி வந்தது?

அந்தக் கல்லைத் திறந்துவைக்க என்னை அழைத்திருக்கிறார்கள். திறக்கமாட்டேன். நாற்பது வரியும் வெட்டிய கல் வரும்வரை அந்தத் துணி அப்படியே இருக்கட்டும். இதழில் எனக்கு ஒதுக்கும் பக்கம் இந்த மாதம் முதல் அவருடையது. பென்சிலில் அவர் எழுதிய நோட்டுகள் ஏழு, அண்ணியிடம் இருக்கின்றன. ஒரு வரிகூட வெட்டாமல் வெளிவரும். இது என் வாக்கு. என் எழுத்திலிருந்து தப்பிக்கும் வாசகர்களுக்கும் நல்லதுதான்.

அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. யாரும் எழ வேண்டாம். பதினோரு ஆண்டுகள் மௌனமாக இருந்தது போதும். அண்ணி, கையில் வைத்திருக்கும் அந்த நோட்டைக் கொடுங்கள், நாற்பது வரியும் படிக்கிறேன்.