மேனேஜர் குடும்பத்துக்கு ஒரு ரூம்

நாட்டு மக்களின் மேலான கவனத்துக்கு: 2009ஆம் ஆண்டு மே மாதம் இருபத்தேழாம் நாள், புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டோரம் உள்ள பூங்கா விடுதியின் தண்ணீர்த் தொட்டி மீது மேனேஜர் கோவிந்தசாமி அவர்கள் ஏறி நின்றார்கள். கையில் செல்போனுடன் கடலூர்த் திசையைக் கூர்ந்து நோக்கினார்கள். விடுதி வளாகத்தில் அந்தத் தொட்டி மேல் மட்டும்தான் டவர் கிடைக்கும் என்பது இந்த நிகழ்ச்சியின் பெருமையை எவ்விதத்திலும் குறைக்காது.

அவர் வாயால் மேனேஜர் என்று கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். திருப்பாப்புலியூரில் இருக்கும் அவர் மனைவி தங்கம்மாள், பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருக்கும் மகள் வினோதினி. விடுதிக்காரர்களைக் கேட்டால் வாசல் கேட்டில் நிற்பவர் என்பார்கள். தொப்பி, விசில், வருகிறவர்களின் பெட்டி படுக்கை, இதுதான் நிர்வாகம்.

ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு மட்டும் ஆளெடுக்கும் அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சீசன் ஆட்கள் குடும்பத்தைக் கூட்டி வந்து ஓர் அறையில் தங்க வைத்துக்கொள்ளலாம். இந்த வருஷம் மற்றவர்கள் யாரும் காத்திருக்கவில்லை. சமையல்காரர் பழனிவேல் முதற்கொண்டு எல்லாரும் போன வாரமே மூட்டை கட்டிவிட்டார்கள். கோவிந்தசாமி மட்டும் அந்த இரண்டு நாளுக்காகவே இருந்தார்.

"ஹலோ... ஹலோ, தங்கம்? நான்தான்... மேனேஜர் பேசறேன்... ஆமா ஆமா, உன் வூட்டுக்காரன்தான். வேற எந்த மேனேஜரு உனக்குப் போன் பண்ணப்போறான்?... கேக்குதா?... இரு, இந்தப் பக்கம் திரும்பறேன்... இப்ப?... ஆங்.

"சாப்ட்டாச்சா?... என்னா கொழம்பு?... நேத்து வெச்சதா. சரி சரி... நானா? இங்க என்னா கொறைச்சல்? இறா தொக்கு, நண்டு வறுவலு... ஜாஸ்தியாப் போட்றானுவோ, வேணாம் வேணாம்னாலும் கேக்க மாட்டேங்கறான்."

அன்று மதியம் அவர் சாப்பிட்டது பக்கத்து ஊரான கிள்ளையில் ஒரு கடையில் வாங்கிய இரண்டு பன்.

"இல்ல, எதுக்குப் பண்ணன்னா... சனிக்கெழம. ஞாபகம் இருக்குல்ல?... ஆமா. ரூம் ரெடி. நாலாம் நம்பரு, நானே நின்னு கழுவி... கழுவச் சொல்லி வெச்சிருக்கேன். சன்னலத் தொறந்தா உப்பங்கழி. போட்டு போறத கட்டில்ல படுத்துக்கிட்டே பாக்கலாம்... என்னாது, பெட்ஷீட்டா? எடுத்தாராத! இது லாட்ஜு, தங்கம். மேனேஜரு பொண்டாட்டி பெட்ஷீட்டச் சுருட்டிக் கக்கத்துல வெச்சிக்கிட்டு வந்து எறங்குனா நாலு பேரு என்னா நெனைப்பான்?"

வளாகத்தில் அப்போது நினைக்கக்கூடிய நிலையில் இருந்தவை இரண்டு நாய்கள். இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன.

"இரு, ஒரு நிமிஷம்... யோவ் பழனிவேலு! ஏழாம் நம்பருக்கு டீ போச்சா?... போனா வந்து சொல்ல மாட்டியா?... ஆங், நீ சொல்லு தங்கம். ஒண்ணொண்ணும் நானே பாக்க வேண்டியிருக்கு."

பழனிவேல் அந்நேரம் லால்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டுக் கொல்லையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த அதட்டல் கேட்க நியாயமில்லை.

"என்னா, சத்தத்தையே காணும்?... மச்சான் வூட்டுக்கா? சனிக்கெழமயேவா? என்னா விசேஷம்?... விசேஷம் இல்லன்னா அப்பறம் போயித்தான் ஆவணுமா?... வினோவுக்கு யூனிபாரமா? வெள்ளிக்கெழம வாங்கிடேன்... டெய்லரு ஞாயித்துக்கெழமதான் தருவானா? அவன் என்னா கலெக்டரா?... பஸ்ஸுல என்னா கூட்டம்? கடலூர்லேந்து சிதம்பரம் வர ஒரு ஒன்ற மணி நேரம். அங்க பஸ் ஸ்டாண்டுலயே பிச்சாவரம் பஸ்ஸு நிக்கும், ஏறுனா இங்க கேட்டுகிட்ட எறக்கி விட்ருவான். எறங்கி, மேனேஜர் எங்கன்னு கேளு. பேரச் சொல்லிக் கேக்காத. மேனேஜர்னு கேளு, என்னா?"

கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அதைப் பற்றி அவர் இன்னும் யோசித்திருக்கவில்லை.

"தங்கம்... இல்ல, சும்மாதான் கூப்புட்டேன்... ரெண்டு மாசமா குடும்பம் குடும்பமா வருது இங்க. புள்ளைங்க கத்திக்கிட்டு ஓடுதுங்க, அம்மாக்காரிங்க தட்டத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே ஓடறாங்க. ஒரு போட்டா எடுங்கன்னு கேமராவ என் கையில குடுப்பாங்க. நானும் எடுப்பேன். எத்தினி குடும்பத்த எடுத்திருப்பேங்கற?... எண்ணவே இல்ல... ஆமா, மேனேஜர்ங்கறதால நம்பிக் குடுக்கறாங்க, வேற ஆளுன்னா குடுக்க மாட்டாங்க... ராத்திரியெல்லாம் நல்லாத்தான் தூங்கறேன். கொசுதான். பேச்சுத்தொணைக்குக் கொசு இருக்கு.

"வினோதினிகிட்ட குடு... எங்க போயிருக்கா? அங்கதான இருக்கா, டிவி சத்தம் கேக்குதே... பேச மாட்டேங்கறாளா? ஏன்?... சொல்லு, ஏன்னு கேக்கறன்ல?... என்னாது?... இங்கயா? நீங்களா?... எப்ப?... மகளிர் குழு வேன்லயா?"

கோவிந்தசாமி தொட்டி மேல் உட்கார்ந்தார். வெயிலில் காய்ந்த சிமெண்டு சுட்டது. எழுந்திருக்கவில்லை.

"எந்த ஞாயித்துக்கெழம?... சித்திர பொறந்து ரெண்டாவதா... ஆமா, ஆமா, அன்னிக்குச் செம கூட்டம்... வந்தவ உள்ள வரக்கூடாதா?... எங்க பாத்த?... கேட்டுகிட்டயா... ஆமா... விசிலா? அது... அன்னிக்கு வாச்மேன் லீவு, அதனால நானே கொஞ்சம்... ஆமா... தொப்பியும் அவனுதுதான்... பொட்டியா? தலையிலயா?... ஒண்ணுதான் தலையில. இன்னொண்ணு கையில... ஆமா.

"உங்க குழு ஆரோக்கியம்மா பாத்துட்டு என்னா கேட்டுச்சி?... அது உன் வூட்டுக்காரரான்னா?... நீ என்னா சொன்ன?..."

பதிலைக் கேட்டதும் அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"வேற யாரோன்னு சொல்லிட்டியா... சரி. சரிதான்... கோவமெல்லாம் இல்ல. நீ வேற என்னா சொல்லுவ? குழுவுல அத்தினி பேருகிட்டயும் மேனேஜரு மேனேஜருன்னு சொல்லி வெச்சிருக்க... நான் சொன்னததான சொன்ன... ஆமா.

"புள்ளயும் பாத்தாளா?... கூப்புடணும்னாளா? அப்பான்னு?... நீ வாயப் பொத்திட்டியா... வேன்லயே அழுதாளா... ஒரு மாசமா உன்கிட்டயும் சரியாப் பேசலியா? ஏந்தங்கம், இத்தினி போன் பண்ணன், ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?... நான் சந்தோசமாப் பேசறேன்னு சொல்லலியா... ஆமா. சந்தோசமாத்தான் பேசுனேன்."

உப்பங்கழியில் ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ அதற்கும் அறை ஒதுக்க வேண்டியது தன் பொறுப்பு என்பதுபோல.

"என்னா?... யாரு சொல்றா?... வினோதினியா? பக்கத்துலயே நிக்கறாளா?... வரணுங்கறாளா?... சனிக்கெழமயேவா?... மச்சான் வூடு?... அதெல்லாம் பொய்யா... ஓ. டெய்லருமா... நீயும் வர்றியா?... என்னா வேலன்னாலும் பரவால்லங்கறாளா... ஆமா... ஆமா... காலையில மொத பஸ்ஸா..."

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததும் அவருக்கு முதலில் தோன்றியது, கேட்டருகே பஸ் நிற்கும், இரண்டு பேரும் இறங்குவார்கள், இறங்கி நேராகத் தன் முகத்தைப் பார்ப்பார்கள் என்பதுதான். எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தங்கம், இரு இரு. சொல்ல மறந்துட்டன் பாரு. காலையிலதான் மொதலாளி சிதம்பரத்துலேந்து ஆள் அனுப்பிச்சிருந்தாரு. சனி ஞாயிறு ஏதோ பெரிய ஆபீசருங்க குடும்பமா வர்றாங்களாம்... ஆமா, திடீர்னு. பதினோரு ரூமும்... ஆமா, நாலாம் நம்பருந்தான். நான் என்னா பண்ணட்டும்? ஆபீசருங்கள வராதன்னு சொல்ல முடியுமா?... இல்ல, இல்ல, நெஜமாத்தான்... கேட்டுகிட்டயே நின்னு பாத்துட்டுப் போறீங்களா? வேணாம், வேணாம். அன்னிக்கு எனக்கு மூச்சு வுட நேரம் இருக்காது. நான் ஒருத்தன் இல்லன்னா இங்க ஒண்ணும் ஆவாது... யோவ் பழனிவேலு, எல்லா ரூம்லயும் பெட்ஷீட்ட மாத்துய்யா!... இந்தா, பாத்தியா.

"அடுத்த வருசம். ஆமா. அடுத்த வருசம் கட்டாயம்... புள்ளகிட்ட சொல்லு, அப்பா... வேணாம், ஒண்ணும் சொல்லாத... குடுக்காத, போன அவகிட்டக் குடுக்காத தங்கம், ஆபீஸ்ல கூப்புட்றாங்க... ஹலோ?... வினோவா?... ஆமா கண்ணு... ஆமா... ஆமா, அப்பாதான்... கேக்கல கண்ணு, டவர் போவுது... கேக்கல... ஒண்ணுமே கேக்கல..."

சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

சனிக்கிழமை யாரும் வரவில்லை.